கொற்கை முதல் மணப்பாடு வரை

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது என் தந்தையார் அடிக்கடி சொல்லும் பழமொழி. நான் முதுகலை வரலாற்று வகுப்பில் சேர்ந்த நாள் முதலாக இந்தப் பழமொழிக்கு எங்கள் வீட்டில் ஓய்வே கிடையாது. தல்லாகுளம் பெருமாள் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு சந்தில் குடியிருக்கும் எங்கள் குடும்பத்துக்குச் சோறு போடுவது அப்பா ஓட்டும் வாடகை வேன்தான். காது குத்து, கல்யாணம், கோயில், குளம் என்று ஊரார் எங்கே புறப்பட்டாலும் அப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்தாக வேண்டும். திருச்செந்தூருக்கு மட்டும் இருநூறு தடவையாவது போய் வந்திருப்பார். "இந்தப் படிப்பு முடிஞ்சா என்ன வேலை கிடைக்கும் தாயி?" என்பது அவர் கேள்வி. கேள்வியில் குற்றமில்லை. மூன்று பெண் மக்களைப் பெற்றவர் வேறு எதைக் கேட்பார்? இரண்டாம் ஆண்டும் நான் படிப்பதா, அல்லது துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதப் போவதா என்று தை மாதம் முழுவதும் வீட்டில் பேச்சு நடந்தது. அந்தச் சமயத்தில் நாங்கள் போய் வந்த ஒரு நாள் பயணத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

பயணத்துக்கு வித்திட்டது ஒரு படம். மதிய இடைவேளையில் ஒரு தோழி தன் கைப்பேசியில் அதைக் காட்டினாள். இத்தாலி நாட்டின் லிகூரியக் கடற்கரையில், மலைச்சரிவில் தேன்கூடு போல ஒட்டிக்கொண்டிருக்கும் ஐந்து சிற்றூர்கள். மஞ்சளும் சிவப்புமாய் வீடுகள். கீழே நீலக் கடல். ‘சிங்க்வே தெர்ரே’ என்று பெயர். ‘ஐந்து நிலங்கள்’ என்று பொருளாம். 1997-இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ரயிலில் ஏறி இறங்கினால் ஒரே நாளில் ஐந்தையும் பார்த்துவிடலாம் என்றாள் தோழி. பிறகு ஒரு பெருமூச்சு! "நமக்கெல்லாம் வைகையில் தண்ணி வந்தாலே அதிசயம்டி" என்றாள் இன்னொருத்தி. அவள் சொன்னதும் சரிதான். எங்கள் வைகை கடலைச் சரியாகக் கண்டறியாத ஆறு. வருகிற நீரில் பெரும்பகுதி ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடும்.

அப்போதுதான் விடுதியில் தங்கிப் படிக்கும் புன்னைக்காயல் தோழி, "ஏன், எங்க பக்கமும் அஞ்சு ஊர் இருக்குல்லா?" என்று கைவிரலை மடக்கினாள். கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம், மணப்பாடு. எங்களுக்கு வியப்பாகிவிட்டது. இந்த ஐந்தில் மூன்று ஊர்களின் பெயர் எங்கள் பாடத்தில் இருக்கிறது. தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். ஆனால் ஒருத்தியும் ஓர் ஊரையும் கண்ணால் கண்டதில்லை!

வேன் ஓட்டமில்லாத ஒரு சனிக்கிழமை, டீசல் செலவை நாங்கள் பங்கிட்டுக்கொள்வது என்று அப்பாவிடம் பேசி முடித்தோம். "அம்மாவும் வரணும், அவ செந்தூர்ல சாமி கும்பிடணும்" என்ற நிபந்தனையோடு அவர் சம்மதித்தார். புன்னைக்காயல் தோழி முதல்நாளே ஊருக்குப் போய்விட்டாள். மற்ற மூன்று தோழியரும் அம்மாவும் நானும் விடியற்காலை நான்கு மணிக்கு வேனில் ஏறினோம். தமுக்கம் மைதானம் இருளில் உறங்க, கோரிப்பாளையம் தாண்டி, பாலத்தில் வைகையைக் கடந்து, அருப்புக்கோட்டைச் சாலையைப் பிடித்தோம். அந்தக் கரிசல் காட்டில் பொழுது விடிவதைப் பார்க்க வேண்டுமே! எட்டயபுரத்தில் தேநீர் குடித்தோம். 1882-இல் பாரதி பிறந்த ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருப்பதும் இந்த ஊரில்தான் என்று நான் சொன்னேன். "அப்படியா?" என்று அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான்.

தூத்துக்குடியில் நாங்கள் நின்றது ஒரு மணி நேரம். 1713-இல் கட்டி முடிக்கப்பட்ட பனிமய மாதா ஆலயத்தைப் பார்த்தோம். 1982-இல் பேராலயமாக உயர்த்தப்பட்டது. வ.உ.சி. 1906-இல் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊர் என்ற நினைவோடு பழைய துறைமுகப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினோம். பிறகு, சொல்லத்தான் வேண்டும், மக்ரூன் வாங்கினோம். முந்திரி, சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு, இவை மூன்றும் சேர்ந்து வாயில் போட்டதும் காற்றாய்க் கரைகிற பண்டம். அந்தச் சொல் இத்தாலிய மொழியில் பிறந்து ஐரோப்பா முழுவதும் பரவியது என்று கேள்விப்பட்டபோது, ‘பார்த்தாயா, இத்தாலி இங்கேயே வந்துவிட்டது’ என்று தோழியைக் கேலி செய்தோம். முட்டை என்றதும் சனிக்கிழமை விரதமிருக்கும் அம்மா கையை மடக்கிக்கொண்டார்.

தூத்துக்குடியை விட்டுத் தெற்கே திரும்பியதும் இரு பக்கமும் உப்பளங்கள். பாத்தி பாத்தியாய் வானத்தை ஏந்திக் கிடக்கும் தண்ணீர்; வரப்போரம் வெள்ளைக் குவியல்கள். படம் எடுக்க வெகு அழகு. ஆனால் அந்த வெள்ளைப் பளபளப்பில் காலை எட்டு மணிக்கே குனிந்து நின்று உப்பு வாரும் பெண்களைப் பார்த்ததும் கைப்பேசியை எடுத்த தோழி அதைப் பைக்குள் வைத்துவிட்டாள். நாங்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தது ஐந்து நிமிடம். அவர்கள் உப்பு விளையும் காலம் முழுவதும் பார்க்கிறார்கள்.

முதலில் கொற்கை, அடுத்துப் பழையகாயல் என்பதுதான் வரலாற்று வரிசை. சாலையில் முதலில் வருவதோ பழையகாயல். கொற்கைக்குப் போய்விட்டுத் திரும்பி வரலாம் என்றேன். "வரலாறு வரிசைப்படி போனா டீசல் வரிசைப்படி போகாது" என்று சொல்லி அப்பா பழையகாயலில் வண்டியை நிறுத்திவிட்டார்.

சின்ன ஊர். கடைத்தெரு, தேநீர்க் கடை, பேருந்துக்குக் காத்திருக்கும் நாலைந்து பேர். "கடல் எங்கே அண்ணாச்சி?" என்று கேட்டதற்குக் கடைக்காரர் கிழக்கே கையைக் காட்டி, "அளத்தைத் தாண்டிப் போகணும்மா" என்றார். கடலே கண்ணில் படாத இந்த ஊரைத்தான் 1292-ஐ ஒட்டி வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ பெரிய துறைமுகமாகக் கண்டார். ஹோர்முஸ், கிஷ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து குதிரைகளோடும் பிற சரக்குகளோடும் வரும் கப்பல்கள் எல்லாம் காயலைத் தொட்டன என்கிறார். பாண்டிய நாட்டை ஆண்ட ஐந்து சகோதரர்களில் மூத்தவருக்கு உரிய ஊர் இது என்கிறார். இதைவிட ஒரு வியப்பு உண்டு. அவர் இதையெல்லாம் சொல்லி எழுதுவித்த இடம் ஜெனோவா நகரச் சிறை, ஆண்டு 1298. தோழியின் படத்தில் இருந்த ஐந்து ஊர்கள் இருக்கிறதே லிகூரியக் கரை, அதே கரையில்தான் ஜெனோவாவும் இருக்கிறது! அங்கே ஒரு கைதி காயலைப் பற்றிச் சொல்ல, பைசா நகரத்து ருஸ்டிசெல்லோ என்ற இன்னொரு கைதி எழுதியிருக்கிறார். நாம் அவர்கள் ஊர்ப் படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம். அவர்கள் நம் ஊரை நினைத்துப் பக்கம் பக்கமாய் எழுதினார்கள்.

பாண்டியர் ஆண்டுதோறும் ஏராளமான பொருளைக் கொட்டிக் குதிரை வாங்கியதையும், வளர்க்கத் தெரியாததால் அவை விரைவில் இறந்துபோனதாக மார்க்கோ போலோ குறித்திருப்பதையும் சொன்னேன். அதுவரை வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். "வண்டி வாங்கத் தெரிஞ்சவனுக்கு சர்வீஸ் பண்ணத் தெரியலையாக்கும்" என்றார். அன்று காலை வரலாற்றைப் பற்றி அவர் சொன்ன முதல் கருத்து அதுதான்.

அங்கிருந்து தெற்கே வந்து, முக்காணிக்கு அருகில் வலப்பக்கம் திரும்பினால் வாழையும் நெல்லுமாய்ப் பச்சை விரிகிறது. அந்தப் பச்சைக்கு நடுவில் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகம்! சங்கப் பாடல்கள் போற்றும் ஊர். கிரேக்க நூல்கள் ‘கொல்கை’ என்று குறித்த ஊர். நெடுஞ்செழியன் மதுரையில் அரியணையிலிருந்தே உயிர் நீத்தபோது, வெற்றிவேற்செழியன் ஆண்டுகொண்டிருந்தது இங்கேதான் என்கிறது சிலப்பதிகாரம். 1968–69-இல் அகழாய்வு நடந்தது. அப்போது கிடைத்த கரியைச் சோதித்து அதன் காலம் கி.மு. 785 என்று கணித்தார்கள். 2021-இல் மறுபடியும் தோண்டியபோது செங்கல் கட்டுமானங்கள் வெளிப்பட்டன.

இத்தனை பெருமைக்கும் கண்ணுக்குத் தெரிவது என்ன? ஒரு குளம், சில கோயில்கள், கோழி மேயும் தெருக்கள், ஒருபுறம் சாய்ந்து முண்டும் முடிச்சுமாய் நிற்கும் ஒரு வன்னிமரம். இரண்டாயிரம் வயது என்கிறார்கள் ஊரார். தோழியர் படமெடுக்க இடம் தேடித் தேடி ஏமாந்துபோனார்கள். எனக்கோ தொண்டை அடைத்துக்கொண்டது. மதுரையின் செல்வம் எல்லாம் இந்த வழியாக வந்ததல்லவா!

அப்பா வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "துறைமுகம்னியே, கப்பல் எங்க நின்னுச்சு? வாழைத் தோட்டத்துலயா?" என்று கேட்டார். கடல் இன்று ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்றும், இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் இதை ஆராய்ந்து 1881-இல் வெளியான திருநெல்வேலி வரலாற்றில் எழுதியிருக்கிறார் என்றும், காயலில் அவருக்குச் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன என்றும் அடுக்கிக்கொண்டே போனேன். அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

முக்காணியிலிருந்து ஆத்தூருக்குப் போகும் வழியில் தாமிரபரணிப் பாலம். பாலத்தைத் தாண்டியதும் அப்பா தாமாகவே வண்டியை ஓரங்கட்டி இறங்கினார். நாங்களும் இறங்கினோம். ஆறு அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்த மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்துக்கு நடுவே நின்றுவிட்டது. ஏரல் பாலம் உடைந்தது. தண்ணீர் வடிந்ததும் எங்கள் தெரு வியாபாரிகள் சேர்ந்து அரிசியும் போர்வையும் அனுப்பினார்கள். அதை ஏற்றி வந்தவர் அப்பா. மூன்று நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தார். அங்கே பார்த்ததைப் பற்றி எங்களிடம் அதிகம் பேசியதில்லை.

இப்போது பேசினார். "அன்னிக்கி ஒரு வீட்டுல சாமான் இறக்கப் போனேன். தண்ணி வடிஞ்சிருச்சு. ஆனா வீட்டுக்குள்ள முழங்கால் அளவுக்கு வண்டல். அந்தம்மா சட்டியால அள்ளி அள்ளி வெளிய கொட்டுது. ரெண்டு நாள்ல வந்த மண்ணு அது. ரெண்டாயிரம் வருசம் இந்த ஆறு சும்மாவா இருந்திருக்கும்? மலையிலிருந்து வாரிக் கொண்டாந்து இங்க கொட்டிக்கிட்டே இருந்திருக்கு. கரை நீள நீளக் கடல் தள்ளிப் போயிருக்கு. கப்பல்காரன் கடலுக்குப் பின்னாலயே போயிருக்கான். கொற்கை போயி காயல். காயல் போயி அடுத்த ஊரு. இதத்தான நீ சொன்னே?"

அதைத்தான் சொன்னேன். கால்டுவெல் சொன்னதும் அதைத்தான். ஆனால் நான் சொன்னதில் அந்தம்மாவும் சட்டியும் இல்லை. இத்தாலியிலும் இதே கதை உண்டு. கப்பற்படையால் புகழ்பெற்ற பைசா நகரம் ஆர்னோ ஆறு கொணர்ந்த வண்டலால் கடலை இழந்தது. இன்று கரையிலிருந்து ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. படத்தில் அத்தனை அழகாய்ச் சிரிக்கும் வெர்னாட்சாவையும் மான்டெரோஸ்ஸோவையும் 2011 அக்டோபர் 25-ஆம் தேதி பெய்த மழை சேற்றில் புதைத்தது. இவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். "அங்கயும் எவனாவது வேன்ல அரிசி ஏத்திக்கிட்டுப் போயிருப்பான்" என்றார்.

ஆத்தூரில் வெற்றிலை வாங்குவதற்காக மறுபடியும் நின்றோம். ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. எங்கள் சோழவந்தான் வெற்றிலைக்கும் உண்டு. எது உயர்ந்தது என்று அப்பாவுக்கும் கடைக்காரருக்கும் நடந்த விவாதத்தை எழுதினால் இந்த மலர் போதாது. தோழி வந்து இழுத்த பிறகுதான் முடிந்தது.

புன்னைக்காயல்! தாமிரபரணி கடலில் கலக்கும் இடம். அலையாத்திச் செடிகளின் பச்சை ஒருபக்கம், வரிசையாய்ப் படகுகள் ஒருபக்கம், நடுவே ஆறு தன் செம்மண் நிறத்தை விட்டுக் கடலின் நீலமாகிறது. கரையில் நின்று பார்த்தால் எது ஆற்று நீர், எது கடல் நீர் என்று பிரித்துச் சொல்ல முடியாது. போர்ச்சுக்கீசியர் காலத்தில் பெரிய ஊராய் இருந்தது. தமிழில் 1578-இல் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூலைத் தந்த அண்டிரிக்கே அடிகள் பல்லாண்டுகள் வாழ்ந்து, 1600-இல் மறைந்தது இங்கேதான். நூல் அச்சான ஊர் கொல்லம் என்றாலும், அதன் தமிழ் இந்தக் கரைத் தமிழ்.

தோழியின் வீட்டில் சுடச்சுடச் சோறும் மீன்குழம்பும். அம்மா மட்டும் தாம் கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைப் பிரித்துக்கொண்டார். திண்ணையில் தோழியின் தாத்தா உட்கார்ந்திருந்தார். வயது எண்பத்தைந்துக்கு மேல். கண் மங்கல், குரல் மட்டும் கணீர். இளம் வயதில் முத்துக்குளித்தவர். 1955 முதல் 1961 வரை நடந்ததுதான் இந்தக் கடலில் கடைசி முத்துச் சலாபம். அதற்குப் பிறகு நடக்கவில்லை. அந்தக் கடைசி ஆண்டில் அவரும் இறங்கியிருக்கிறார்.

"கல்லைக் காலுல மாட்டிக்கிட்டு இறங்குவோம் தாயி. பாருல போயிக் கால் பட்டதும் கல்லை விட்டுருவோம். மேல இருக்கவன் இழுத்துக்குவான். மூச்சு நிக்கிற மட்டும் சிப்பியை வாரிக் கூடையில போட்டுக் கயித்தை அசைச்சா, நம்மளையும் இழுப்பான். ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு கணக்கில்ல" என்றார். பார் என்பது கடலடியில் சிப்பி படியும் திட்டு.

"நீங்க எடுத்ததிலேயே பெரிய முத்து எது தாத்தா?" என்று கேட்டாள் ஒரு தோழி.

கிழவர் சிரித்தார். "முத்தை நான் எங்க பாத்தேன்? சிப்பியைத்தான் பாத்தேன். கரைக்கு வந்ததும் ஆயிரம் ஆயிரமா எண்ணி ஏலம் விடுவாங்க. ஏலம் எடுத்தவன் அழுக வச்சு, கழுவி, உள்ள இருக்கத எடுத்துக்குவான். எம் பங்கு சிப்பியையும் ஏலக்காரன்கிட்டத்தான் வித்தேன். சோத்துக்கு ஆகணும்ல?"

எங்களில் யாரும் பேசவில்லை. கொற்கை முத்து என்று எத்தனை விடைத்தாள்களில் எழுதியிருக்கிறேன்! ரோமாபுரிக்குப் போனது, அரசியர் அணிந்தது என்று எழுதியிருக்கிறேன். மூச்சடக்கி எடுத்தவர் அதைப் பார்த்தாரா என்று எந்த வினாத்தாளும் கேட்டதில்லை. 1973-இல் தூத்துக்குடியிலேயே மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். தாத்தாவுக்கு அது தெரிந்திருக்கிறது. "நல்ல காரியம், மூச்சு முட்ட வேண்டாம்" என்றார். அப்பா அவருக்கு ஆத்தூர் வெற்றிலை மடித்துக் கொடுத்தார். இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மூன்று முறை கூப்பிட்ட பிறகே அப்பா எழுந்தார்.

காயல்பட்டினத்தை அரைகுறையாகத்தான் பார்க்க முடிந்தது. நெருக்கமான வீடுகள், எங்கு திரும்பினாலும் பள்ளிவாசல், பெண்கள் நடப்பதற்கென்றே வீடுகளின் பின்னால் ஓடும் முடுக்குகள், ‘தம்மடை’ என்ற இனிப்பு. தனியாக ஒரு நாள் வர வேண்டிய ஊர். திருச்செந்தூரில் அம்மா மட்டும் தரிசனத்துக்குப் போனார். மீன் சாப்பிட்ட நாங்கள் கோபுரத்தை வெளியிலிருந்தே கும்பிட்டுக் கடற்கரையில் காத்திருந்தோம். கொற்கையை விட்டு விலகிய கடல், இங்கே அண்மை ஆண்டுகளில் கோயில் முன்னுள்ள மணலை அரித்துக்கொண்டிருக்கிறது. மணலில் ஆளுயரத்துக்கு வெட்டு விழுந்திருந்தது. இருநூறு தடவை வந்தவர் அதை இன்றுதான் குனிந்து பார்த்தார்.

மணப்பாட்டை அடையும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. கடலுக்குள் நீண்டு கிடக்கும் மணற்குன்று. அதன்மேல் 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம். கீழே புனித சவேரியார் தங்கி வழிபட்ட குகை. அவர் இந்தக் கரைக்கு வந்தது 1542-இல். குன்றின் ஒருபுறம் அலை மோதும் கடல். மறுபுறம் கண்ணாடி போல் அசையாத உப்பங்கழி. அதன் கரையில் படகுகளும் பழைய மாடி வீடுகளும். என்னே எழில்! இத்தாலிப் படம் காட்டிய தோழி வாயைத் திறக்கவில்லை; அரைமணி நேரம் படமெடுத்துக்கொண்டே இருந்தாள். கதிரவன் கடலில் மறையவில்லை. நமக்குக் கிழக்குக் கடல் அல்லவா? மேற்கே தேரிக்காட்டின் செம்மணலுக்குப் பின்னால் இறங்கினான். ஐந்து ஊர்களில் எது அழகு என்று வாக்கெடுத்தார்கள். எல்லோரும் மணப்பாடு என்றார்கள். நான் கொற்கை என்றேன். ஒரு வாக்கில் தோற்றிருந்தாலாவது ஆறுதல், நான்கில் தோற்றேன். அம்மாவும் மணப்பாடு என்று சொல்லிவிட்டார். அப்பா வாக்களிக்கவில்லை.

வீடு வந்து சேர மணி பதினொன்றரை.

துணிக்கடைப் பேச்சு அதோடு நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. கோடை விடுமுறையில் இரண்டு மாதம் அங்கே கணக்கெழுதினேன். சம்பளத்தில் பாதியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மீதியில் புத்தகம் வாங்கினேன். கல்லூரி திறந்ததும் இரண்டாம் ஆண்டு வகுப்பில் வந்து உட்கார்ந்தேன். போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை அப்பா. முதல்நாள் காலையில் வேனிலேயே கொண்டுவந்து கல்லூரி வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

ஆவணி மாதத்தில் ஒருநாள், வகுப்பு முடிந்து வெளியே வரும்போது கைப்பேசி ஒலித்தது. நரிமேட்டிலிருந்து ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அப்பா செந்தூருக்குப் போயிருந்தார். சாலை இரைச்சலுக்கு நடுவே அவர் குரல். "தாயி, முக்காணிகிட்ட நிக்கிறேன். அந்த வன்னிமரத்துக்குத் திரும்புற ரோடு இதுக்கு முன்னாடியா, பின்னாடியா? இவங்களும் பாக்கணும்ங்கிறாங்க."

வழி சொன்னேன்.

"சரி. குதிரைக் கணக்கு எழுதினானே, ஜெயில்ல இருந்தவன், அவன் பேரு என்ன?"

"மார்க்கோ போலோ."

"மார்க்கோ போலோ" என்று அவர் திரும்பி யாரிடமோ சொல்வது கேட்டது. "அவன் எந்த ஊருண்ணே?" என்று ஒரு பெண்குரல் கேட்டது. "இத்தாலிம்மா. அங்கயும் இதே கதைதான், போறப்பச் சொல்றேன், ஏறுங்க" என்றார் அப்பா.